ஐந்தாவது படத்தில் ஒரு முழங்கை

சாவியக்காவைப் பற்றி எழுத எனக்கு எந்த அருகதையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் அதற்குத் தகுதியுள்ளவர்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதுகிற பழக்கம் இல்லை, எனக்குச் சும்மா இருக்கிற பழக்கம் இல்லை. அதனால் நீங்கள் என்னிடம் மாட்டிக்கொண்டீர்கள்.

படங்களுக்கு பிரேம் போடுவது என் தொழில். முப்பத்தொரு வருஷமாக ஒரே கடை. நான்கு மூலையும் நூல் பிசகாமல் சேர வேண்டும், கண்ணாடிக்கு உள்ளே ஒரு தூசி இருக்கக்கூடாது, சுவரில் மாட்டினால் கடுகளவும் சாயக்கூடாது. இந்த மூன்றிலும் என்னை யாரும் குறை சொன்னதில்லை. சொன்னால் மூன்று நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்பதால் சொல்லாமல் இருக்கிறார்களோ என்னவோ.

எங்கள் சபை ஒரு டயர் கடையின் மாடியில் கூடுகிறது. போதகர் மனுஷனுடைய பெருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து புஸ்ஸென்று காற்று இறங்குகிற சத்தம் வரும். நாங்கள் யாரும் சிரிக்க மாட்டோம், பழகிவிட்டது. சிறிய சபைதான். ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் சேரும்போது அவரை முன்னால் நிற்கவைத்து, மொத்தச் சபையும் எழுந்து நின்று அவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கும். "இன்றுமுதல் உங்கள் சுமை எங்கள் சுமை, எங்கள் சுமை உங்கள் சுமை. பிறப்பால் அல்ல, கொடுத்த வாக்கால் நாம் ஒரே வீட்டார்." அந்த வாசகத்தை எழுதியவன் நான். அதற்கு பிரேம் போட்டு மேடைக்குப் பக்கத்தில் மாட்டியவனும் நான். ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமிக்கொண்டு அதை வாசிப்பவனும் நானே. இந்த வீட்டுக்கு நான்தான் மூத்த பிள்ளை என்ற நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு வழக்கம் குடும்பப் படம். சபை ஆரம்பித்த நாளையொட்டி வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வெளிப்படிக்கட்டில் நிற்போம். பாஸ்போர்ட் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் எங்கள் சபைக்காரர் ஒருவர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, டைமரைத் தட்டிவிட்டு, ஓடிவந்து தானும் நின்றுகொள்வார். ஆக ஒருவர்கூட விடுபட முடியாது. எங்களுக்கு அதில் ஒரு பெருமை.

பிரேம் என் பொறுப்பு. எல்லாப் படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று முதல் வருஷமே முடிவு செய்துவிட்டேன். சுவரைப் பார்த்தால் ஒழுங்கு தெரிய வேண்டாமா? சபை வளர்ந்தது, வரிசை அகலமானது, என் பிரேம் மட்டும் அப்படியே இருந்தது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு அட்டை வருமே, அதை மவுண்ட் என்போம். படத்தின் ஓரத்தை அதன் அடியில் தள்ளிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் அடங்காவிட்டால் கத்தியை எடுத்து ஓரத்தை நறுக்கிவிடலாம். படிக்கட்டின் வலப்பக்கம் சுவர், அங்கே கூட்டம் அளவோடு நிற்கும். இடப்பக்கம்தான் வழியும். அதனால் நறுக்கலும் மறைத்தலும் எப்போதும் இடது ஓரத்தில்தான் நடந்தது.

நடுவில் போதகர் வர வேண்டும். அவருக்குப் பக்கத்தில், ஒரு படி மேலே, டை கட்டிக்கொண்டு நான் வர வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் படம் சரி என்பது என் தொழில் ஞானம். இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். படம் எடுக்கும்போது என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு ஐந்து வயது குறைந்து தெரிகிறது என்று எப்போதோ யாரோ சொன்னார்கள். யார் என்று ஞாபகமில்லை, அதற்குப்பின் வேறு யாரும் சொல்லவுமில்லை.

சரி, சாவியக்கா.

அவர் என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் எனக்கு அக்கா. எழுபது வயது டாக்ஸி டிரைவருக்கும் அக்கா, போதகரின் கைக்குழந்தைக்கும் அக்கா. ஹாலின் சாவி அவரிடம்தான் இருக்கும். ஏழு சாவிகள் கொண்ட கொத்து, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பின் ஓரத்தில் கிழித்த நாடாவில் கட்டியது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிப்பது அவர் வேலை. கொதிக்கக் கொதிக்க வந்து விழும் விரிப்புகளை எட்டாக மடித்து அடுக்க வேண்டும். அந்தக் கைகளுக்கு ஓய்வே தெரியாது. பாட்டுத் தாளைக் கொடுத்தால் பாட்டு முடிவதற்குள் அதை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்திருப்பார். ஒருமுறை போதகர் பிரசங்கக் குறிப்பை அவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அது சட்டைப் பைக்குள் வைக்கிற அளவுக்கு வந்திருந்தது. அன்றைய பிரசங்கமும் சுருக்கமாக முடிந்தது, சபை முழுவதும் நன்றியோடு நினைவுகூரும் ஞாயிறு அது.

மழைக்குக்கூட ஆலயத்துப் பக்கம் ஒதுங்காதவர்கள் உண்டு. இவர் மழைக்கு ஒதுங்கியேதான் வந்தார். பதினேழு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு மதியம், டயர் கடை வாசலில் நனைந்துகொண்டிருந்தவர், மாடிப்படி தெரிந்ததும் ஏறி வந்தார். கூட்டம் முடிந்து நாற்காலிகள் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. நாங்கள் எல்லாரும் நின்றபடி ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். மழை நின்றபிறகும் போகவில்லை, இன்னும் எட்டு நாற்காலி பாக்கி இருந்ததாம். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போன அவர் கணவர், மாலையில் வேறொரு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அவர் சபையில் சேர்ந்தபோது வாக்கை வாசித்தது நான்தான். "உங்கள் சுமை எங்கள் சுமை" என்று வாசிக்கும்போது குரல்கூட லேசாக நடுங்கியது. பிறகு நடந்ததைப் பார்த்தால், அந்த வாசகத்தின் இரண்டாம் பாதியை மட்டும்தான் நாங்கள் நடைமுறைப்படுத்தினோம். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர். யார் வீடு மாறினாலும் அவர். என் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த நாற்பது நாளும், வேலைக்குப் போகும் வழியில் வந்து, அவளுக்குத் தலை சீவிவிட்டு, விரிப்பு மாற்றிவிட்டுப் போனவர் அவர்தான். அந்த நாற்பது நாளில் நான் கற்றுக்கொண்ட பொறுமையைப் பற்றிச் சபையில் இருபது நிமிடம் சாட்சி சொன்னவன் நான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பதினேழாவது குடும்பப் படத்தை மாட்டுவதற்காக ஹாலில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். சாவியக்கா கீழே பழைய படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார், சனிக்கிழமைதோறும் அவர் செய்கிற வேலை அது. கூட அவருடைய சொந்த அக்கா வந்திருந்தார். முந்தின நாள்தான் பஸ்ஸில் வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பழுப்பு நிறக் கைப்பை ஒன்றை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்தபடி வாசலில் நின்ற அவரைப் பார்த்ததுமே, ஏணியில் இருந்த நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"அக்கா, அந்தப் படத்தை எடுத்துக் குடுங்க" என்று சாவியக்காவிடம் சொன்னேன்.

"ஐயோ, அவ கையில குடுக்காதீங்க, போட்டுடுவா!" என்று தலைமையாசிரியை பாய்ந்து வந்தார்.

அதற்குள் படம் பத்திரமாக என் கைக்கு வந்துவிட்டது. நான் இருவரையும் மாறிமாறிப் பார்த்தேன்.

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். என் கல்யாணத்துக்கு வாங்கின கண்ணாடி தம்ளர் பன்னெண்டையும் தட்டோட போட்டு உடைச்சா. அன்னையிலேர்ந்து எங்க வீட்டுல இவ கையில ஒண்ணும் குடுக்கறதில்ல."

"அப்ப எனக்கு ஒம்பது வயசுக்கா" என்றார் சாவியக்கா.

"உடைஞ்சது பன்னெண்டு."

தலைமையாசிரியை வந்த காரியம் எங்களுக்குத் தெரியும். அடுத்த மாதத்தோடு சாவியக்காவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை முடிகிறது. முழங்கால் வேறு தகராறு. தன்னோடு வந்து இருந்துவிடும்படி அக்கா வற்புறுத்துகிறார். சாவியக்காவுக்குப் போக மனமில்லை. கடிதம் போட்டால் பக்கத்துக்கு நாலு தடவை "இங்கே என் குடும்பம் இருக்கிறது" என்று எழுதுவாராம்.

"அந்தக் குடும்பத்தை ஒரு கண்ணு பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றார் தலைமையாசிரியை. "எங்க, அந்தப் படமெல்லாம்? இதானா?"

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். விடைத்தாள் திருத்துகிறவரின் வேகம். பத்தாவது படத்தருகில் நின்று திரும்ப முதல் படத்துக்கு வந்தார். மறுபடி கடைசிவரை போனார். நான் அப்போதுதான் மாட்டி முடித்த பதினேழாவதையும் அண்ணாந்து பார்த்தார்.

"எங்கடி நீ?"

சாவியக்கா கையிலிருந்த துடைக்கும் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"பதினேழு வருஷம். பதினேழு படம். இவரு எல்லாத்துலயும் இருக்காரு" என்று என்னைக் காட்டினார். "நீ ஒண்ணுலயும் இல்ல."

ஏணியில் நின்றபடியே நானும் பார்த்தேன். முதல் முறையாக, என் டையைத் தவிர வேறு ஒன்றைத் தேடிப் பார்த்தேன். இல்லை. இவ்வளவு படத்தில் எங்குமே சாவியக்கா இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நிமிடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது வேறு.

"போட்டோ எடுக்கறவரு கொஞ்சம் அசால்ட்டு ஆளு டீச்சரம்மா. ஓரத்தை விட்டுடறாரு" என்றேன்.

"அஞ்சாவதுல என் முழங்கை இருக்குக்கா" என்றார் சாவியக்கா. நிஜமாகவே எங்களைக் காப்பாற்ற ஒரு சாட்சி கிடைத்துவிட்டதுபோல அந்தப் படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். "இதோ பாரு. நீல ரவிக்கை. அது நான்தான்."

பார்த்தேன். மவுண்ட் அட்டையின் விளிம்பை ஒட்டி, நீலத்தில் ஒரு முழங்கை. அந்த வருஷம் எனக்குக் கத்தி ஒரு நூல் பிசகியிருக்கிறது. வாராவாரம் பதினாறு கண்ணாடியையும் துடைத்தவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. அந்த ஒரு முழங்கையை அவர் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

தலைமையாசிரியை சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"நாளைக்கு உங்க ஆராதனை முடிஞ்சதும் மூணு மணி பஸ்ஸு. உனக்கு இங்க சொந்தம் இருக்குன்னு யாராவது காட்டட்டும், நான் தனியா போறேன். இல்லேன்னா நீயும் என்கூட வர்ற. முழங்கைக்கெல்லாம் ஒரு குடும்பம்னு பேரு வெக்காத."

அவர் இறங்கிப் போனபின் சாவியக்கா படியருகில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் போக இஷ்டமில்ல அண்ணே. ஆனா அவகிட்ட பேசி என்னால ஜெயிக்க முடியாது. அவ டீச்சர். அதுவும் இல்லாம, அவ சொல்றது சரிதானோன்னும் தோணுது." பிறகு, "போட்டோ அண்ணன திட்டாதீங்க, பாவம்" என்று சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை ஏணியிலிருந்து இறக்கியது.

பதினேழு படங்களையும் கழற்றி டாக்ஸி டிரைவரின் வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். மேசையில் குப்புறப் போட்டு ஒவ்வொன்றாக முதுகைப் பிரித்தேன். பின்பக்க டேப்பைக் கிழித்து, சின்ன ஆணிகளைப் பிடுங்கி, பலகையை எடுத்து, மவுண்டைத் தூக்கினால் படம். மதியச் சாப்பாட்டோடு வந்த என் மனைவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு படத்தில் ஓரத்தை நான் நறுக்கி எறிந்திருந்தேன். அந்த ஆறு வருஷத்துச் சாவியக்கா என் கடைக் குப்பையோடு போயிருக்கிறார். மீதிப் பதினொன்றில் அட்டைக்கு அடியில், அதே இடது ஓரத்தில், கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தார். அந்தப் பகுதியில் வெளிச்சமே படாததால் நிறம்கூட மங்கவில்லை. எங்களைவிட அவர் பளிச்சென்று இருந்தார்.

"இவங்க ஏன் இப்படி மூட்டையும் முடிச்சுமா நிக்கறாங்க?" என்றாள் என் மனைவி.

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் அவர் கை நிறையப் பொருள்கள். தோளில் நாலு கைப்பை. கக்கத்தில் குடை, ஊன்றுகோல். ஒரு வருஷம் யாருடைய குழந்தையோ இடுப்பில். படத்தில் அழகாக விழ வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் கையிலிருப்பதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போய் நிமிர்ந்து நின்றிருக்கிறோம். அத்தனையையும் வைத்துக்கொண்டு படியில் ஏற முடியாமல், அவர் கீழே ஓரத்தில் நின்றிருக்கிறார்.

என் மனைவி பூதக்கண்ணாடியை எடுத்து அவருடைய வலது கையருகில் வைத்தாள். இரண்டு விரலுக்கு நடுவில், கறை படாமல் காம்பைப் பிடித்தபடி, ஒரு மூக்குக் கண்ணாடி. அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும். பதினொன்றிலும் அதே கண்ணாடி, நடுவில் இரண்டு முறை பிரேம் மட்டும் மாறியிருந்தது.

"இது யாரோடது?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

முப்பத்தைந்து வருஷ மணவாழ்க்கையில் நான் பதில் சொல்லாத கேள்விகள் குறைவு. அன்று அதில் ஒன்று கூடியது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் தடுக்கவில்லை, படங்களை மட்டும் எட்டி வைத்தாள், நனையாமல்.

எங்கள் ஆராதனையில் திருவிருந்துக்கு முன் ஐந்து நிமிடம் சமாதான நேரம் என்று உண்டு. யாருக்காவது யாரிடமாவது தப்பு செய்த உறுத்தல் இருந்தால், எழுந்துபோய் நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் ஒரே ஒருமுறைதான் எழுந்திருக்கிறேன், என்னிடம் மன்னிப்பே கேட்காத ஒருவரை மன்னித்துவிட்டு வருவதற்காக. மற்ற ஞாயிறுகளில் யார் யார் எழுந்திருக்க வேண்டும் என்று உட்கார்ந்தபடியே கணக்கெடுத்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஞாயிறு மூன்று பக்கத்துக்கு ஒரு மன்னிப்பு எழுதிவைத்திருந்தேன். காலையில் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "இதுல 'நான்' எத்தனை தடவை வருது?" என்று மட்டும் கேட்டாள். தாளை மேசையிலேயே வைத்துவிட்டேன்.

சமாதான நேரம் வந்ததும் எழுந்தேன். கடைசி வரிசையில் சாவியக்கா, பக்கத்தில் பையைக்கூட மடியை விட்டு இறக்காமல் அவருடைய அக்கா. அங்கே போய் நின்றேன்.

"படத்துல உங்கள மறைச்சது போட்டோ அண்ணன் இல்லக்கா. நான்தான். அளவுக்காக ஓரத்தை வெட்டினேன், அட்டைக்கு அடியில தள்ளினேன். அங்க யாரு நிக்கறாங்கன்னு ஒரு தடவைகூட பார்க்கல."

அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. சபையே ஆச்சரியப்பட்டது அதற்காகத்தான் என்று பிறகு சொன்னார்கள். போட்டோக்காரரிடமும் போய் நேற்று அவர்மேல் பழி போட்டதைச் சொன்னேன். "பரவால்ல பிரதர். நான் குடுக்கற படத்துல எல்லாரும் இருப்பாங்க. நீங்க கலையா ஏதோ பண்றீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். அந்தச் சமாதானம் சமாதானமே இல்லாமல் வலித்தது.

ஆராதனை முடிந்ததும் பதினொரு படங்களையும் பிரேம் இல்லாமல் நாற்காலிகள்மேல் பரப்பி வைத்தேன். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் அவரவர் முகத்தைத் தேடினார்கள், அது மனித சுபாவம். பிறகு இடது ஓரத்துக்கு வந்தார்கள். "அது என் ஹேண்ட்பேக்" என்றார் ஒருவர். "ஐயோ, என் குடை!" "நம்ம பையன்டீ அது, அக்கா இடுப்புல!" டாக்ஸி டிரைவர் தன் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தலைமையாசிரியை பதினொன்றையும் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். இதோ இருக்கிறாரே, எல்லாப் படத்திலும் இருக்கிறாரே!

"நேத்து நீ இதுல இல்லவே இல்லன்னு நெனச்சேன்" என்றார் தங்கையிடம். "இப்ப பார்த்தா அதைவிட மோசமா இருக்கு. இங்கயும் நீ மூட்டை தூக்கறவதான். இதுக்குப் பேரு குடும்பமா? கெளம்பு."

நான் கொண்டுவந்த சாட்சி எங்களுக்கு எதிராகவே திரும்பிவிட்டது, அது நியாயமாகவும் இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் அந்த வாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது அதைக் கழற்றினால் தேவலை என்று இருந்தது.

சாவியக்கா ஒரு படத்தைக் கையில் எடுத்தார். கைப்பைகளும் ஊன்றுகோலும் குழந்தையுமாக நிற்கிற படம்.

"ஆமாக்கா, தூக்கறேன். எல்லாத்தையும் என்கிட்டதான் குடுக்கறாங்க. இந்தப் புள்ள அப்ப பொறந்து நாப்பது நாளுக்கா. நேரா என் கையில குடுத்துட்டுப் போயி நின்னாங்க. பார்த்து, போட்டுடாதேன்னு ஒருத்தரும் சொல்லல." படத்தை அக்கா பக்கம் திருப்பினார். "நம்ம வீட்டுல ஒம்பது வயசுலேர்ந்து ஒரு தம்ளர் தண்ணிகூட என்னை நம்பி யாரும் குடுத்ததில்லையேக்கா."

தலைமையாசிரியை கைப்பையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டார்.

"அதுக்காக இவங்க செஞ்சது சரின்னு சொல்ல வரல" என்று சாவியக்கா எங்கள் பக்கம் திரும்பினார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "வெட்டிப் போட்டது வலிக்குது அண்ணே. வாராவாரம் தொடைக்கும்போது வலிச்சுது. சொல்லத் தெரியல. நான் போகல, இங்கதான் இருக்கப்போறேன். ஆனா இனிமே உங்க கண்ணாடிய நீங்களே வெச்சுக்கோங்க."

"வெச்சுக்கறேன்கா" என்றேன். அறுபத்தொரு வயதில் ஒரு சபை நடுவே நான் கொடுத்த வாக்குகளில் மிகச் சின்னது அதுதான். இதுவரை காப்பாற்றிவருவதும் அது ஒன்றைத்தான்.

படத்தைத் திரும்ப எடுக்கலாம் என்று போட்டோக்காரர்தான் சொன்னார். எல்லாரும் படிக்கட்டுக்குப் போனோம். அவரவர் பை அவரவர் தோளில், அவரவர் குடை அவரவர் கக்கத்தில். பார்க்க ஏதோ ரயிலைத் தவறவிட்ட கூட்டம்போல இருந்தோம். சாவியக்காவைப் போதகருக்குப் பக்கத்தில் வரச் சொன்னோம். கேட்கவில்லை, பழக்கப்பட்ட இடது ஓரத்திலேயே போய் நின்றார், வெறுங்கையை என்ன செய்வது என்று தெரியாமல். நான் இறங்கிப்போய் அவருக்கும் இடதுபுறம் நின்றேன். இனி ஓரம் போனால் நான்தான் போக வேண்டும். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள், பிரேம் போடப்போகிறவனே நான்தானே.

"டீச்சரம்மா, நீங்களும் வாங்க" என்று என் மனைவி கூப்பிட்டாள்.

"நான் உங்க சபை இல்லையே."

"அக்காவுக்கு அக்கா எங்களுக்கு யாராம்? வாங்க."

போட்டோக்காரர் டைமரைத் தட்டிவிட்டார். பத்து நொடி. தலைமையாசிரியை வேகமாக வந்து தங்கையின் மறுபக்கத்தில் நின்றார். புடவையைச் சரிசெய்யக் கையை எடுக்க வேண்டியிருந்தது, பை இடைஞ்சலாக இருந்தது. என் பக்கம் பார்த்தார், போதகர் பக்கம் பார்த்தார். பிறகு அந்தப் பழுப்புப் பையைத் தங்கையிடம் நீட்டினார்.

"பிடிடி."

சாவியக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கேமரா மின்னியது.

படம் பழைய அளவில் அடங்கவில்லை. பெரிய பிரேமாகப் போட்டிருக்கிறேன், சுவரில் அது மட்டும் நீட்டிக்கொண்டு தெரிகிறது. எல்லாருக்கும் அளவு சொல்லிக்கொடுக்கிற உங்களுக்கா அளவு தப்பியது என்று கேட்கிறார்கள். அதில் என் முகத்தில் கண்ணுக்குப் பதில் இரண்டு வெள்ளை வட்டங்கள்தான் இருக்கின்றன, ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டுவிட்டது. அக்காவும் தங்கையும் கேமராவைப் பார்க்கவில்லை, இருவரும் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று மணி பஸ் போய்விட்டது. தலைமையாசிரியை மறுநாள் காலைதான் புறப்பட்டார், தனியாக. பெட்டியைத் தூக்கலாம் என்று சாவியக்காவோடு நானும் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். பெட்டியை என்னிடம் கொடுத்தார். கைப்பையை வாங்க நான் கை நீட்டியபோது, "அது அவகிட்ட இருக்கட்டும்" என்றார். வண்டி நகரத் தொடங்கியபிறகுதான் ஜன்னல் வழியாக அதைத் தங்கையிடமிருந்து வாங்கிக்கொண்டார்.